வில் வேட்டையில் உருமறைப்பும் வாசனைக் கட்டுப்பாடும்: பணம் வீணாகும் தவறுகள்

வில்லை நம்பி மானுக்காகக் காத்திருப்பவருக்கு எய்யும் தூரம் 20 மீட்டர், மிஞ்சினால் 30. அவ்வளவு நெருக்கத்தில் அதன் கண், காது, மூக்கு மூன்றுக்கும் நாம் எட்டிவிடுவோம். அந்தப் பயத்தில்தான் வட அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் புதிதாக உரிமம் எடுப்பவர்கள் இலை அச்சுப் போட்ட உடை, கரி கலந்த சட்டை, வாசனை நீக்கும் ஸ்பிரே என்று வாங்கிக் குவிக்கிறார்கள். இவற்றில் சில உதவும். ஆனால் எதற்கு முதலில் மெனக்கெட வேண்டும் என்ற வரிசையைத்தான் பலர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

காற்று முதலில், அசைவு அடுத்தது, முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அதற்கடுத்தது. துணியில் உள்ள படம் கடைசியில்தான் வரும். வேட்டைக்காரர்களுக்கென்று மரப்பட்டை, இலை அச்சுத் துணிகள் பெருகியதே 1980-களில்தான். இத்துணிகளின் பெயர்பெற்ற பிராண்டுகளான மாஸி ஓக், ரியல்ட்ரீ இரண்டும் 1986-ல் தொடங்கியவை. அதற்கு முன்பே அமெரிக்காவில் வில் வேட்டையைப் பரப்பிய ஃப்ரெட் பேர், கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு பல வேட்டைகளுக்குப் போயிருக்கிறார்.

வானிலைச் செயலியை மட்டும் நம்புவது

செயலி காட்டுவது அந்தப் பகுதியின் பொதுவான காற்று. நீங்கள் உட்காரும் பள்ளத்திலோ சரிவிலோ வீசுவது வேறாக இருக்கலாம். விடியுமுன் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் பட்டுத் தரை சூடேறியதும் மேலே ஏறும். மாலையில் நிழல் விழுந்தவுடன் மறுபடி இறங்கும். காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த இடம் ஒன்பதரைக்குக் கெட்டுப்போவது இதனால்தான். ‘காற்று திடீரென்று மாறிவிட்டது’ என்பார்கள். உண்மையில் அது தினமும் செய்வதைத்தான் செய்திருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியின் காயை உடைத்தால் பட்டு போன்ற பஞ்சோடு விதைகள் இருக்கும். ஒரு சிறு டப்பாவில் அள்ளி வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு முறை ஒரு இழையை, மரத்தில் கட்டி உட்காரும் பரணிலிருந்து விடுங்கள். முதல் பத்து மீட்டர் நேராகப் போகும், ஒரு மரத்தைத் தாண்டியதும் வளையும், பள்ளத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்று சட்டென்று கீழே விழும். உங்கள் வாசனையும் ஏறத்தாழ அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பொடி டப்பாவும் பயன்படும், ஆனால் பொடி இரண்டு மூன்று மீட்டரில் கண்ணுக்கு மறைந்துவிடும். அதற்கப்பால் காற்று எங்கே திரும்புகிறது என்பதை அது சொல்லாது.

இன்னொரு தவறு, தனக்கு முழுக்க முழுக்கச் சாதகமான காற்றுக்காக மட்டும் காத்திருப்பது. வயதான ஆண் மான்கள் பெரும்பாலும் தங்கள் மூக்குக்குச் சாதகமான காற்றில்தான் நடமாடும். ஆகவே மானுக்கு ‘எல்லாம் சரி’ என்று தோன்றும் காற்றில், உங்கள் வாசனை மட்டும் அதன் தடத்துக்கு 20, 30 மீட்டர் விலகிப் போகும்படி பரணை வைப்பதுதான் உத்தி. ஒரே தடத்துக்கு இரண்டு காற்றுக்கு இரண்டு பரண்கள் வைத்திருப்பது எந்த உடையையும்விட மேல்.

உயரம் ஓரளவு உதவும். 5, 6 மீட்டர் உயரத்தில் சீரான காற்று வீசினால் வாசனை அருகில் நிற்கும் மானின் தலைக்கு மேலே போய்விடும். மாலையில் காற்று இறங்கும்போது அதே வாசனை மரத்தடியிலேயே வந்து விழும். உயரத்தை நம்பி இன்னும் மேலே ஏறுபவர்கள் எய்யும் கோணத்தைச் செங்குத்தாக்கிக்கொள்கிறார்கள். அம்பு இரு நுரையீரலையும் கடக்கும் வாய்ப்பு அதில் குறையும், காயம்பட்ட மான் தப்பி ஓடும். எந்த உயரமானாலும் தரையை விட்டுக் கால் எடுத்தது முதல் முழு உடல் பாதுகாப்புப் பட்டை கட்டியிருக்க வேண்டும்.

துணியை ஒளிர வைக்கும் சலவைத்தூள்

மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் இரண்டு வகை மட்டுமே. வெண்வால் மானின் விழித்திரையை அளந்து 1994-ல் வெளியான ஆய்வின்படி, ஒரு வகை 450 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீலத்திலும் மற்றொன்று 537 நானோமீட்டர் அளவிலான பச்சையிலும் உச்சத்தில் வேலை செய்கின்றன. ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கிய நிறங்கள். நீலம் அப்படியல்ல. நம் கண்வில்லை தடுத்துவிடும் புற ஊதா ஒளியிலும் ஒரு பகுதி மானின் கண்ணுக்குள் போகிறது.

பெரும்பாலான சலவைத்தூள்களில் வெண்மை கூட்டும் ஒளிர்பொருள் இருக்கிறது. அது புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். மானின் நீலக் கூம்புகள் நன்றாக உணரும் ஒளி அது. விலை உயர்ந்த உருமறைப்பு உடையை வழக்கமான தூளில் துவைத்தால், விடியலிலும் அந்தியிலும், நீல ஒளி மிகுந்திருக்கும் நேரத்தில், இலைப் படத்தோடு சேர்ந்து முழு உடையும் மங்கலாக ஒளிரும். நீல ஜீன்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

சோதிப்பது சுலபம். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை உடைமேல் அடியுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் ஒளிர்பொருள் இருக்கிறது. பருத்தியில் அது ஒட்டிக்கொண்டால் ஒரே சலவையில் போகாது. ஒளிர்பொருளும் வாசனையும் சேர்க்காத திரவத்தில் பலமுறை துவைத்து, ஒவ்வொரு முறையும் டார்ச்சில் பாருங்கள். சலவை இயந்திரத்தில் பழைய தூள் தங்கியிருக்கும். அதை முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று ஓடவிட வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். புதிதாக வாங்கிய உடையையும் சோதியுங்கள், ஆலையிலேயே ஒளிர்பொருள் சேர்த்திருக்கலாம்.

ஆரஞ்சு மங்கலாகத் தெரிகிறது என்பதில் உயிர் காக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கிப் பருவம் நடக்கும்போது வில்லோடு போகிறவரும் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும். மான் பார்த்துவிடும் என்று அதைக் கழற்றி வைப்பது ஆபத்து. ஆரஞ்சு மானை விரட்டுவதில்லை, அசைவுதான் விரட்டுகிறது.

நுணுக்கமான இலைப் படம்

மானின் பார்வை நம்முடையதைவிட மங்கல். கைக்கு எட்டும் தூரத்தில் அழகாகத் தெரியும் சிறு இலைகளும் காம்புகளும் 30 மீட்டரில் கலந்து ஒரே இருண்ட பிழம்பாகிவிடும். பெரிய வெளிர் திட்டுகளும் பெரிய கருந்திட்டுகளும் கலந்த துணி உடலின் வடிவத்தை உடைக்கும். அதைவிட முக்கியம் முதுகுக்குப் பின்னால் தடித்த மரமோ கிளைகளோ இருப்பது. வெறும் வானம் பின்னணியாக இருந்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது.

முகமும் கையும்தான் பளிச்சிட்டு அசையும் பாகங்கள். அவற்றை மூடுங்கள், ஆனால் மூடிய பிறகு எய்து பழகுங்கள். தடித்த முகமூடி நாணை நிறுத்தும் புள்ளியைத் தாடையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிவிடும், அம்பு வேறிடத்தில் போய்த் தைக்கும். தொப்பி விளிம்பு நாண்மேல் படும். தளர்ந்த சட்டைக் கை நாணில் அடிபடும். இவை வீட்டில் சோதனை அம்பு எய்யும்போதே தெரிந்துவிட வேண்டியவை.

அசையும் நேரத்தைத் தவறவிடுவது

சந்தேகம் வந்த மான் உடனே ஓடாது. தலையைத் தாழ்த்தி மேய்வது போலப் பாசாங்கு செய்து சட்டென்று நிமிரும், முன்னங்காலால் தரையைத் தட்டும். எதிரில் இருப்பதை அசைய வைக்கத்தான் இவ்வளவும். அந்த ஒரு நிமிடம் வில்லை இழுத்தால் கதை முடிந்தது. அதன் தலை மரத்துக்குப் பின்னால் போகும்வரை, அல்லது முகத்தை வேறு பக்கம் திருப்பும்வரை காத்திருந்து இழுக்க வேண்டும். அதனால் இழுவிசையைப் பெருமைக்காகக் கூட்டாதீர்கள். உட்கார்ந்தபடி, குளிரில், வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுக்க முடிகிற விசைதான் உங்களுக்கான விசை.

சத்தமும் இதில் சேர்ந்ததுதான். கடையில் உடை எடுக்கும்போது சட்டைக் கையை உடம்பில் உரசிப் பாருங்கள். நைலான் சலசலக்கும், கம்பளியும் ஃப்லீஸும் பேசாது. வெல்க்ரோ ஒட்டு உள்ள பையை மான் வரும் நேரத்தில் திறக்கக் கூடாது.

வாசனை போய்விட்டது என்று நம்புவது

உடலிலிருந்து தோல் செல்கள் இடைவிடாமல் உதிர்கின்றன. வியர்வையை நாற்றமாக்குவது பாக்டீரியா. மூச்சு நிற்பதேயில்லை. ஆகவே வாசனையைக் குறைக்கலாம், போக்க முடியாது. கரிச் சட்டையில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் என்பது மெய்தான். நிறைந்துபோனதும் ஆலைகளில் அதைப் புதுப்பிக்கப் பல நூறு டிகிரி வெப்பம் தேவை. வீட்டு உலர்த்தும் இயந்திரம் 100 டிகிரியைக்கூடத் தொடாது. முகமும் கழுத்தும் திறந்திருக்கையில் சட்டை எவ்வளவு பிடித்து என்ன? வாசனையைப் போக்கவென்று விற்கும் ஓசோன் கருவிக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும், ரப்பரையும் எலாஸ்டிக்கையும் அரிக்கும். மூடிய அறையிலோ வண்டியிலோ அதை ஓடவிட்டு உள்ளே இருக்கக் கூடாது.

எளிய பழக்கங்களே அதிகம் தரும். வாசனையற்ற சோப்பில் குளியல். உடையை மூடிய பெட்டியில் வைத்து, சமையல் புகையும் பெட்ரோலும் படாமல் கொண்டுபோவது. மேலுடையைப் பையில் சுமந்து, மெதுவாக நடந்து, பரணடியில் அணிவது. வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்தால் காலையில் குளித்ததற்குப் பயனில்லை. ரப்பர் பூட்ஸ் தடத்தில் விடும் வாசனை தோல் பூட்ஸைவிடக் குறைவு. ஆனால் நடக்கும்போது கையால் விலக்கும் ஒவ்வொரு கிளையிலும் வாசனை ஒட்டும். மானின் தடத்தைக் குறுக்கே கடக்காத வழியை முன்கூட்டியே வெட்டி வைப்பது நல்லது.

நரி மூத்திரம் போன்ற மறைப்பு வாசனைகள் மனித வாசனையை அழிப்பதில்லை. மான் இரண்டையும் தனித்தனியாகவே மோப்பம் பிடிக்கும். மான் மூத்திரத்தில் தயாரித்த கவர்ச்சி வாசனைகளை, மான்களை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி என்ற மூளை நோய் பரவக்கூடும் என்பதால், பல அமெரிக்க மாநிலங்களும் கனடிய மாகாணங்களும் தடைசெய்திருக்கின்றன. வாங்குமுன் அந்த இடத்தின் விதியைப் பாருங்கள்.

திரும்பும் வழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இருட்டியபின் எதிரே வெட்டவெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்க, பரணிலிருந்து இறங்கி அவற்றுக்கு நடுவே நடந்தால் அந்தப் பரண் பல நாளைக்குப் பயன்படாது. காற்று கீழே இறங்கும் அந்த நேரத்தில் சரிவின் கீழ்ப்பக்கம் மான் இருந்தால், அது விலகிப் போகும்வரை மேலேயே உட்கார்ந்திருங்கள்.