இளம் அகலிலைத் தோப்பைக் கலைத்துவிடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள். கடைசிவரை நின்று பலகைக்குப் போவது அவற்றில் நூறு சொச்சம்தான். மற்றவை அந்த நூறும் நெருக்கத்தில் நேராக, பக்கக்கிளை குறைந்து வளரத் துணை நிற்பவை. வேலை முடிந்ததும் அவை தவணை தவணையாக விறகாகிவிட வேண்டும். இப்படி இடையிடையே மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைப்பதுதான் கலைப்பு.

1. நேரம் வந்துவிட்டதா?

வயதை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். ஓக், ஆஷ், பிர்ச், மேப்பிள் போன்ற அகலிலை மரங்கள் 8 முதல் 12 மீட்டர் உயர்ந்து, தலைகள் (கிளையும் இலையுமான மேற்பகுதி) ஒன்றோடொன்று முட்டி, கீழ்க்கிளைகள் காயத் தொடங்கினால் முதல் கலைப்புக்கு நேரம். பச்சைத் தலை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள். ஆஷ் அப்படி ஒடுங்கிவிட்டால் பிறகு இடம் கொடுத்தாலும் எளிதில் தேறாது.

2. எண்ணிக்கை

5.64 மீட்டர் கயிறு ஒன்று போதும். ஒரு முனையைக் குச்சியில் கட்டி வட்டமாகச் சுற்றி வந்தால் உள்ளே இருப்பது 100 சதுர மீட்டர். அதிலுள்ள மரங்களை எண்ணி நூறால் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. தோப்பின் வெவ்வேறு மூலைகளில் ஐந்தாறு வட்டம் போட்டுச் சராசரி எடுங்கள். ஓரத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு பொய்க்கும். அங்கே வெளிச்சம் அதிகம்.

கூடவே 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். உயரத்தையும் விட்டத்தையும் ஒரே அளவையில் வைத்து, உயரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 80-க்குக் கீழே என்றால் மரம் திடமானது. 12 மீட்டர் உயரம், 12 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 100: ஒல்லிக்குச்சி. இப்படிப்பட்ட தோப்பை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அடுத்த பெருங்காற்றில் சாயும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலைக்க வேண்டும்.

3. முதலில் விடவேண்டியதைக் குறியுங்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கோணல் மரங்களைத் தேடித்தேடி வெட்டுவார்கள். நல்ல மரத்தை நெருக்கும் பலமான போட்டிக்காரன் அப்படியே நிற்பான். இன்னொரு தவறு, விறகு நிறையக் கிடைக்கும் என்று தடித்த நல்ல மரங்களை எடுத்துவிடுவது. மிஞ்சுவது சொத்தை.

ஏறக்குறைய 6 மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 300 அளவில் நல்ல மரங்களைத் தேர்ந்து வண்ணம் பூசுங்கள். அடிமரம் நேராக இருக்க வேண்டும். கீழே கவை கூடாது. பட்டையில் காயம் கூடாது. தலை நாலாபுறமும் சமமாக இருக்க வேண்டும். அடுத்தடுத்த கலைப்புகளில் இவற்றிலும் பாதிக்குமேல் போகும், அதனால்தான் இப்போதே தாராளமான எண்ணிக்கை.

பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் முதுகைச் சாய்த்து நின்று அண்ணாந்து பாருங்கள். அந்த நல்ல மரத்தின் தலையை எந்த மரம் இடிக்கிறதோ அதற்கு வேறு வண்ணம்: வெட்ட வேண்டியது அதைத்தான். ஒரு நல்ல மரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நிழலில் குட்டையாக நிற்பவற்றைத் தொடாதீர்கள். அவை அடிமரத்துக்கு நிழல் தருகின்றன. அந்த நிழல் போனால் ஓக்கின் தண்டெல்லாம் நீர்ப்போத்து (அடிமரப் பட்டையிலிருந்து கிளம்பும் இளங்கிளை) வெடிக்கும், ஒவ்வொரு போத்தும் பலகையில் ஒரு கணு.

விறகை வெளியே இழுக்க 20 மீட்டருக்கு ஒரு தடம், 3 மீட்டர் அகலத்தில் விடுங்கள். தடத்தையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

4. வெட்டு

இலை உதிர்ந்த ஓய்வுக் காலமே நல்லது: பறவைக் கூடுகள் இருக்காது, மரத்தின் தலையும் தெளிவாகத் தெரியும். பல நாடுகளில் வெட்ட முன் அனுமதி வேண்டும். அதை முதலில் விசாரியுங்கள்.

தடத்திலிருந்து தொடங்குங்கள், விழ இடம் கிடைக்கும். நெருக்கமான தோப்பில் வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சிக்கிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. சிக்கிய மரத்துக்கு அடியில் போகாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். கொக்கி நெம்புகோலால் உருட்டுங்கள், அல்லது தூரத்தில் நின்று அடியைக் கயிற்றால் பின்னுக்கு இழுங்கள். செயின்சா என்றால் தலைக்கவசம், காதுமூடி, வெட்டுத்தடுப்புக் கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் கட்டாயம், பயிற்சியும்தான். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

வெட்டிய தூரின் வளையங்களைப் பாருங்கள். வெளி வளையங்கள் நூல்போல் நெருங்கியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும்.

5. விறகு

பச்சை ஓக்கில் பாதியளவு எடை தண்ணீர். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அடுப்புக்கு ஆகும். இல்லையென்றால் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போகும், புகைபோக்கியில் கரிப்பிசின் படியும். 25–30 சென்டிமீட்டர் துண்டாக்கி உடனே பிளந்துவிடுங்கள். பிர்ச்சைப் பட்டையோடு உருளையாக விட்டால் உள்ளேயே உளுத்துவிடும்.

தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்றுப்படும் இடத்தில் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களை மூடினால் பூஞ்சை. ஆஷுக்கு ஓராண்டு, ஓக்குக்கு இரண்டு. ஈரமானியை வெளிப்பக்கம் குத்தினால் ஏமாற்றும். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து நடுவில் குத்துங்கள்.

அடுத்த கலைப்பு 5 முதல் 8 ஆண்டுகளில், தலைகள் மறுபடி முட்டும்போது. அதற்குள் தூர்களில் போத்து வந்திருக்கும். மான் கடிக்காத இடமென்றால் அதையும் விறகுக்கு வளர்க்கலாம்.