மெதிலீன் குளோரைடை விமானத்தில் அனுப்ப எந்த டிரம்?

முதலில், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் ஆபத்தான சரக்கு விதிநூலில் பொருளின் பதிவைப் பாருங்கள். சந்தையில் எம்.டி.சி. எனப்படும் கரைப்பானான மெதிலீன் குளோரைடுக்கு ஐ.நா. எண் 1593, பிரிவு 6.1 (நச்சுப் பொருள்), பேக்கிங் குரூப் 3 (குறைந்த அபாயம்). பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு 60 லிட்டர்தான்; சரக்கு விமானத்தில் 220 லிட்டர் வரை அனுமதி உண்டு. ஆகவே 200 லிட்டர் டிரம் சரக்கு விமானத்தில் மட்டுமே செல்லும்.

அடுத்தது உலோகம். இத்திரவம் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கை உப்பச் செய்யும், அலுமினியத்தோடு வினைபுரியும் என்பதால், மேல்மூடி பிரிக்க முடியாத எஃகு டிரம்மையே, அதாவது 1ஏ1 வகையையே நான் பரிந்துரைக்கிறேன்.

இனி, டிரம் தேறிய சோதனைகளைச் சொல்லும் ஐ.நா. குறியீடு; பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். '1ஏ1/ஒய்1.4/150' என்பதில் 'ஒய்' பேக்கிங் குரூப் 2, 3 ஆகியவற்றுக்கு உரியது. 1.4 என்பது ஒப்படர்த்தி, அதாவது நீரைவிட எத்தனை மடங்கு கனமான திரவம் வரை டிரம் சோதிக்கப்பட்டது என்பது; அந்த எண்ணே இல்லையென்றால் டிரம் 1.2 வரைதான் சோதிக்கப்பட்டிருக்கிறது. எம்.டி.சி.யின் ஒப்படர்த்தி 1.33 என்பதால், 1.4 என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள். கார்கோ கவுண்டரில் வாதாட வேண்டியிராது.

கடைசி எண் கிலோபாஸ்கலில் நீரழுத்தச் சோதனை அளவு. பிரிவு 6.1, பேக்கிங் குரூப் 3 திரவங்களுக்கு விமான விதி கேட்கும் குறைந்தபட்சம் 75 என்று படித்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஆவி அழுத்தக் கணக்கு அதைவிட அதிகமாக வந்தால் அதுவே செல்லும். 55 பாகை செல்சியஸில் இதன் ஆவி அழுத்தம் 164 கிலோபாஸ்கல். அதை ஒன்றரையால் பெருக்கினால் 246, அதில் 100ஐக் கழித்தால் 146. குறியீட்டில் இவ்வெண் பத்துப் பத்தாகவே எழுதப்படுவதால், 150 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற இன்னொரு கரைப்பானுக்குப் பொருந்திய '100' டிரம் இதற்கு உதவாது.

மேற்புறப் பெயின்ட் உரிந்து எண் தெளிவாக இல்லையென்றால் டிரம்மைச் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். 100 லிட்டருக்கு மேற்பட்ட புதிய எஃகு டிரம்களில் அங்கே தகட்டிலேயே குறியீடு பதிந்திருக்கும்.

நிரப்பும்போது, 55 பாகையிலும் டிரம் முழுதாக நிறைந்துவிடாதபடி இடம் விடுங்கள். டிரம்மின் வாயை அடைக்கும் பங் மூடியைக் கைப்பலத்தை நம்பி முறுக்காமல், தயாரிப்பாளர் தந்த அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

பிற்சேர்க்கை: பயன்படுத்தியதைச் சுத்தம்செய்து மறுசீரமைத்த டிரம் பற்றிச் சிலர் கேட்டிருந்தனர். மறுசீரமைத்தவரின் பெயர், ஆண்டு ஆகியவற்றுடன் 'ஆர்' எழுத்தும், கசிவுச் சோதனைக்கான 'எல்' எழுத்தும் இருந்தால் மட்டுமே திரவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை அழுத்தத்துக்குப் பதிலாக 'எஸ்' எழுத்து உள்ள, மேல்மூடி பிரிக்கக்கூடிய 1ஏ2 டிரம் திடப்பொருளுக்கோ உள்பொதிகளுக்கோ உரியது. அதில் திரவத்தை நேரடியாக ஊற்றக் கூடாது.