குளிர்ந்த வயது வேறு, நிலம் நகர்ந்த வயது வேறு

அபடைட் என்ற கனிமத்தின் மணிகளில், யுரேனியம் பிளந்து விட்டுச்சென்ற அணுப்பிளவுத் தடங்களை எண்ணி '60 லட்சம் ஆண்டு' என்று விடை வந்ததும், "அப்போதுதான் மலை எழுந்தது, நிலப்பிளவு நகர்ந்தது" என்று எழுதிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். பாறை ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய காலத்தைத்தான் அந்த எண் சொல்கிறது. மேலே இருந்த பாறை அரிக்கப்பட்டிருக்கலாம், நிலப்பிளவு மேல்பாளத்தை விலக்கியிருக்கலாம், பக்கத்தில் புகுந்த பாறைக்குழம்பு ஆறியிருக்கலாம். எது என்று எண் சொல்லாது.

அலாஸ்காவின் டெனாலி மலையைப் பாருங்கள். உயரம் 6190 மீட்டர். உச்சிக்கு அருகே அபடைட் வயது சுமார் 1.6 கோடி ஆண்டு. 4500 மீட்டரில் 60 லட்சம். 2000 மீட்டரில் சுமார் 40 லட்சம். உயரத்துக்கு எதிரே வயதை வரைந்த கோட்டில், மேல் பகுதியின் சரிவை அப்படியே அரிப்பு வேகம் என்று படித்தால் 10 லட்சம் ஆண்டுக்கு 170 மீட்டர் அரிப்பு என்று வரும். அது வேகமே அல்ல. அந்தப் பாறைகள் நெடுங்காலம் 60 முதல் 110 டிகிரிக்குள் கிடந்தவை. அந்த வெப்பத்தில் தடங்கள் சுருங்கும், சில மறைந்தேவிடும். வயதும் அதற்கேற்பக் குறையும். 4500 மீட்டரில் கோட்டின் சரிவு சட்டென்று மாறும் முறிவுதான் விஷயம்: வேகமான குளிர்ச்சி அங்கே தொடங்குகிறது. இதை உறுதிசெய்யத் தட நீளம் வேண்டும். புதுத்தடம் சுமார் 16 மைக்ரான். முறிவுக்கு மேலே குட்டைத் தடங்கள் கலந்திருக்கும், கீழே பெரும்பாலும் நீளமானவை. நீளம் அளக்காத வயதை நம்பி வரைபடம் போடாதீர்கள்.

இந்த மலையருகே ஓடும் டெனாலி நிலப்பிளவு பெரும்பாலும் கிடையாக நகர்வது. 2002 நவம்பர் 3 அன்று 7.9 அளவு நிலநடுக்கத்தில் சில இடங்களில் 8 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகியது. பாறை மேலே வராமல் பக்கவாட்டில் மட்டும் போனால் அது குளிராது. அதனால் 'குளிர்ச்சி இல்லை' என்பதை 'நகர்வு இல்லை' என்று படித்துவிடக் கூடாது.

வெப்பச் சரிவை, அதாவது ஆழம் கூடக்கூட வெப்பம் ஏறும் அளவை, குத்துமதிப்பாக வைப்பதும் ஆபத்து. மேற்பரப்பு 10 டிகிரி என்றால், கிலோமீட்டருக்கு 25 டிகிரியில் 110 டிகிரி 4 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும். 35 என்றால் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. மலைமுகட்டின் கீழே சமவெப்பக் கோடுகள் (ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைப்பவை) மேல்நோக்கி வளைவதால் உயரம்-வயது சரிவு வேகத்தைக் கூட்டிக் காட்டும். ஆகவே மாதிரிகளைச் செங்குத்தான சரிவில், கிடைத்தூரம் குறைவாக எடுங்கள்.

யுரேனியமும் தோரியமும் சிதைந்து மணிக்குள் சேரும் ஹீலியத்தை அளந்து வயது காணும் ஹீலியம் முறையில் மணித்தேர்வுதான் காலை வாரும். சிதைவில் பிறக்கும் ஆல்பா துகள், அதாவது ஹீலியம் அணுக்கரு, சுமார் 20 மைக்ரான் ஓடும்; விளிம்பருகே பிறந்தது மணியை விட்டே வெளியேறிவிடலாம். 60 மைக்ரானுக்கும் குறைந்த அகல மணியில் இழப்புத் திருத்தம் பெரிதாகிவிடும். உள்ளே யுரேனியம் நிறைந்த சிர்கான் கனிமத் துகள் ஒளிந்திருந்தால் வயது உண்மையைவிடக் கூடுதலாக வந்துவிடும். ஒரே மாதிரியின் மணிகள் வேறுபட்ட வயது தந்தால் சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் யுரேனியம், தோரியம் அளவுக்கு எதிரே வரையுங்கள். கதிர்வீச்சுச் சேதம் கூடிய மணி ஹீலியத்தை இறுகப் பிடித்திருக்கும். மெதுவாகக் குளிர்ந்த பாறையில் அதன் வயது கூடுதலாகத்தான் வரும்.