வேகத் தோட்டாவை நம்பிக் கெட்ட கதை
தில்லி துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பயிற்சி. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், என் குண்டுகளோ எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறின. மூச்சைக் குறை சொன்னேன், துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால் தோட்டா! வேகம் கூடினால் நேராகப் போகும் என்று (தாத்தா காலத்து வேட்டைப் பேச்சு) அதிவேக .22 அங்குலத் தோட்டா வாங்கியிருந்தேன். அது ஒலியை மிஞ்சிக் கிளம்பி, வழியில் ஒலிவேகத்துக்கு இறங்கும்போது தள்ளாடுகிறது. சரி என்று ஒலிவேகத்துக்குக் கீழே, நொடிக்கு 325 மீட்டர் வேகத் தோட்டாவுக்கு மாறினேன். அதிலும் மூன்று லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வாங்கி, பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தேன். ஒரு லாட்டில் பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

"அண்ணா, உங்க துப்பாக்கிக்கு இந்தச் சாப்பாடுதான் பிடிக்குது" என்றான் பக்கத்தில் படுத்திருந்த ஆர்.கே.புரம் தம்பி. அதே லாட்டில் இன்னும் நாலு பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன்.