இஸ்ரேல்–பாலஸ்தீன அமைதித் திட்டம் ஒன்றைப் படிப்பது எப்படி: வரைபடத்தை முன்வைத்து

"இரு நாட்டுத் தீர்வு" என்ற தொடரை ஏற்பதாகச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே தீர்வை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 181ஆம் தீர்மானம் முதல் 2020இல் டிரம்ப் வெளியிட்ட திட்டம் வரை இரு நாடுகள் பற்றிய பேச்சு இருக்கிறது. அந்த இரண்டாவது நாட்டின் உருவம்தான் ஒவ்வொன்றிலும் வேறுபடுகிறது. ஆகவே ஒரு திட்டம் கையில் கிடைத்ததும் முன்னுரையைத் தள்ளிவைத்துவிட்டு வரைபடத்தைத் தேடுங்கள். வரைபடம் இணைக்கப்படாவிட்டால் அதை விருப்ப அறிக்கை என்ற அளவில் கொண்டால் போதும்.

வரைபடம் இருந்தால், அது எந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது 1949 போர்நிறுத்த உடன்பாடுகளில் உருவான பசுமைக் கோடாக இருக்கும். ஜெருசலேமில் அதன் தொடக்கம் 1948 நவம்பரில் இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் தரப்புத் தளபதி அப்துல்லா அல்-தல்லும் 1:20,000 அளவுள்ள வரைபடத்தில் தடித்த பென்சிலால் ஆளுக்கொன்றாக இழுத்த கோடுகள். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள பென்சில் தடம் தரையில் 60 முதல் 80 மீட்டராக விரிந்ததால், அந்தத் தடத்துக்குள் விழுந்த வீடும் தெருவும் யாருடையவை என்ற வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது.

அடுத்து விழுக்காடு. 2000 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் முன்வைத்த வரையறைகள் மேற்குக் கரையில் 94 முதல் 96 விழுக்காட்டைப் பாலஸ்தீனத்துக்கு அளித்து, 1 முதல் 3 விழுக்காடு அளவுக்கு இஸ்ரேல் தன் நிலத்தை ஈடாகத் தரச் சொன்னன. இத்தகைய எண்ணைக் கண்டதும் "எதில் இத்தனை விழுக்காடு?" என்று கேட்க வேண்டும். கிழக்கு ஜெருசலேம், லத்ரூன் அருகிலுள்ள யாருக்கும் உரித்தாகாத நிலம், சாக்கடலின் நீர்ப்பரப்பு ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதில் இரு தரப்பும் வேறுபடுவதால், ஒரே வரைபடத்துக்கு இரண்டு விழுக்காடுகள் வரும். எண்ணைவிட வடிவம் முக்கியம் என்பது என் கருத்து. ஏரியல் என்ற இஸ்ரேலியக் குடியிருப்பு பசுமைக் கோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல் மேற்குக் கரைக்குள் இருக்கிறது. அதை இஸ்ரேலோடு இணைக்க விரல்போல் ஒரு நீட்சி வரைந்தால், பரப்பளவில் சிறியதாகத் தெரிவது பாலஸ்தீன ஊர்களுக்கு இடையிலான போக்குவரத்தை அறுத்துவிடும்.

சொற்களுக்கு வரும்போது தமிழ் வாசகர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 1967 போருக்குப் பின் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டிய பகுதிகளைக் குறிக்கையில் ஆங்கிலப் பிரதியில் "the" என்ற சுட்டிடைச்சொல் இல்லை. பிரெஞ்சுப் பிரதியிலோ "கைப்பற்றிய அந்தப் பகுதிகள்" என்று கொள்ள இடமிருக்கிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்ற விவாதம் இதில்தான் முளைத்தது. தமிழில் அப்படியொரு சொல்வகையே இல்லாததால் மொழிபெயர்ப்பில் சிக்கல் சுவடின்றி மறைந்துவிடுகிறது.

அகதிகள் பற்றிய பகுதியில், "திரும்புதல்" எங்கே என்று தேடுங்கள்: 1948இல் விட்டுவந்த ஊருக்கா, புதிய பாலஸ்தீன நாட்டுக்கா? பாதுகாப்புப் பகுதியில், ஜோர்டான் ஆற்றைக் கடக்கும் பாலத்தில் கடவுச்சீட்டைப் பார்ப்பவர் யார், வான்வெளி யார் கையில் என்பவற்றைக் கவனித்தால் போதும். 2020 திட்டம் ஆற்றுக்கு மேற்கே பாதுகாப்புப் பொறுப்பை இஸ்ரேலிடமே வைத்தது.

இரு நாடுகளும் ஒரு பொது அமைப்பில் இணையும் கூட்டமைப்புத் திட்டங்களுக்கு வரைபடத்தோடு வேறொரு கேள்வியும் தேவைப்படும்: யார் எங்கே வசிக்கலாம், எங்கே வாக்களிக்கலாம்? "அனைவருக்குமான நிலம்" இயக்கம் 1967 போருக்கு முந்தைய எல்லைகளில், அதாவது பசுமைக் கோட்டில், இரு நாடுகளை ஏற்று, குடியுரிமையையும் வசிப்பிட உரிமையையும் பிரிக்கிறது. ஒருவர் ஒரு நாட்டில் வசித்து மற்றொன்றில் வாக்களிக்கலாம். ஒற்றை நாட்டை வலியுறுத்தும் முன்மொழிவானால், எல்லோருக்கும் சமமான வாக்கு உண்டா என்ற ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

கடைசியாக, வரைபடம் யார் கையால் வரையப்பட்டது என்று பாருங்கள். 2008 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மெர்ட் தம் வரைபடத்தைப் பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸிடம் காட்டினார், பிரதி கொடுக்கவில்லை. அப்பாஸ் நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்துகொண்டார். "நாப்கின் வரைபடம்" என்று பின்னாளில் வெளியானது அந்தக் கைவரைவுதான். அதை வைத்து விழுக்காட்டைத் தசமப் புள்ளிவரை கணக்கிட்டிருக்கும் கட்டுரைகளைச் சற்றுத் தள்ளி நின்றே படியுங்கள்.