மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு அமெரிக்கா போகிறவர்களுக்கு

பிள்ளை அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில், அதாவது கலையும் அறிவியலும் கலந்து பல துறைப் பாடங்களைப் படிக்கிற கல்லூரியில், நான்கு வருஷம் படித்து முடிக்கப்போகிறாள், விழாவுக்கு நாமும் போவதா, இல்லை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறதா? முடிந்தால் போய்விடுங்கள். செலவு அதிகம்தான், நாங்களும் என் வளையல்களை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தோம். பெரிய பல்கலைக்கழகங்களில் பொது விழாவில் ஆயிரக்கணக்கான பேரை எழுந்து நிற்கச் சொல்லி மொத்தமாகப் பட்டத்தை அறிவித்துவிடுவது உண்டு. சின்னக் கல்லூரியில் சில நூறு பேர்தான், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு இந்தப் பெண் முதல் வருஷம் எப்படித் திணறினாள் என்பதுகூட நினைவிருக்கும்.

என் மகள் படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் உள்ள ஸ்மித் கல்லூரி. பெண்கள் கல்லூரி, 1871இல் அங்கீகாரம் பெற்று 1875இல் வகுப்புகள் தொடங்கியது. அங்கே பார்த்ததையும் நாங்கள் தடுமாறியதையும் வைத்து எழுதுகிறேன், மற்ற சின்னக் கல்லூரிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். நாம் கன்வோகேஷன் என்று சொல்வதை அங்கே கமென்ஸ்மென்ட் என்கிறார்கள். ஸ்மித்தில் கன்வோகேஷன் என்றால் கல்வியாண்டு தொடங்கும்போது நடக்கிற கூட்டம். அதனால் கல்லூரியின் நாள்காட்டியில் கன்வோகேஷன் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் மாதிரி ரிசல்ட் வந்து பல மாதம் கழித்து அழைப்பு வருவதும் இல்லை. தேர்வு முடிந்த கையோடு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விழா, அன்றைக்கே பட்டம்.

விசாவை ஒரு வருஷம் முன்பே தொடங்குங்கள். நீங்கள் கேட்க வேண்டியது பி-2, அதாவது சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது போன்றவற்றுக்கான விசா. டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பப் படிவத்தை ஏஜெண்டிடம் கொடுத்தாலும் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நீங்களே வரி வரியாகப் படியுங்கள், ஏனென்றால் இன்டர்வியூவில் கேள்வி வருவது அதை வைத்துத்தான். ஒரு நாள் கைரேகை, போட்டோ, இன்னொரு நாள் சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ. தமிழிலேயே பேசலாம், கூச்சம் வேண்டாம். மகளின் ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி கொடுத்த படிவம்) நகல், கல்லூரி தரும் அழைப்புக் கடிதம், வேலை அல்லது பென்ஷன் காகிதம், சொத்து ஆவணம் எல்லாம் கையில் இருக்கட்டும், ஆனால் அதிகாரி அதில் எதையுமே பார்க்காமல் போகலாம். எங்களிடம் மூன்றே கேள்விதான். எதற்குப் போகிறீர்கள், மகள் என்ன படிக்கிறாள், எப்போது திரும்புவீர்கள். உள்ளதை உள்ளபடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தங்குமிடத்தில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். மே விழாவுக்கு பிப்ரவரியில் அறை தேடினால் எங்கே கிடைக்கும்? அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, மவுண்ட் ஹோலியோக், யூமாஸ் ஆம்ஹர்ஸ்ட் என்கிற மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன, எல்லாருக்கும் மே மாதம்தான் விழா, ஊரோ சின்னது. கடைசியில் 30 கிலோமீட்டர் தள்ளி ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் அறை எடுத்து, ஞாயிறு காலை டாக்சி கிடைக்காமல் தவித்து, பக்கத்து அறையில் இருந்த ஒரு குடும்பம் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டதால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தேதி அறிவித்த அன்றே அறை போட்டுவிடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி. கல்லூரி வாசலிலிருந்து நடக்கிற தூரம் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

மகள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். பட்டத்தில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று கல்லூரி முன்கூட்டியே கேட்கும். இனிஷியலா, அப்பா பெயர் முழுதாகவா, எது முதலில் என்பதெல்லாம் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகட்டும், பின்னால் சான்றொப்பம் வாங்கும்போது அலைச்சல் மிச்சம். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். என் மகள் பெயரில் ழ இருக்கிறது. அவள் தன் குரலில் பதிவு செய்து கொடுத்திருந்தாள், பெயர் வாசித்தவர் நாக்கை மடித்து முயன்று பார்த்தது ஒலிபெருக்கியில் கேட்டது, முக்கால்வாசி வந்துவிட்டது. என் கணவர் அழுதது அந்த இடத்தில்தான்.

பட்டத்தில் ஏ.பி. என்று இருந்தால் திகைக்காதீர்கள். அது பி.ஏ.வின் லத்தீன் வரிசை. ஸ்மித்தில் கணினி அறிவியல் படித்தாலும், இயற்பியல் படித்தாலும் ஏ.பி.தான், பொறியியலுக்கு மட்டும் பி.எஸ். உண்டு. ஊரில் பெரியவர்கள் கேட்பார்கள், இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நிதானமாக விளக்கலாம்.

பெட்டி கட்டுவது பற்றி. இங்கே கத்தரி வெயிலில் கிளம்புகிறோம், அங்கே அதே மே மாதத்தில் காலையில் பல் கிட்டுகிற குளிர் இருக்கும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், நடுவில் மழையும் வரும். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், மேலே போட ஒரு ஸ்வெட்டர் வேண்டும். நாற்காலிகள் புல்தரையில் போட்டிருப்பார்கள், குதிகால் உயர்ந்த செருப்பு மண்ணில் புதையும், தட்டையான செருப்பே நல்லது. கறிவேப்பிலை வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று தடை இருக்கிறது. பழமும் வேண்டாம். மற்ற தின்பண்டங்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சொன்னால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் அபராதம். முக்கியமாக, ஒரு பெட்டியை முக்கால்வாசி காலியாகவே கொண்டுபோங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

சரி, விழா. ஞாயிறு காலை மட்டும் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கல்லூரிகளில் உயிரான விஷயங்கள் முந்தின நாளே நடந்துவிடும், வியாழக்கிழமையாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஸ்மித்தில் சனிக்கிழமை ஐவி டே. பட்டம் வாங்கப்போகிற பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தி, கையில் ஒரு சிவப்பு ரோஜாவோடு ஊர்வலமாக நடப்பார்கள். வெள்ளை என்றதும் என் மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை, கல்யாணம் ஆகாத பெண் எதற்கு வெள்ளைப் புடவை என்று போனிலேயே கண் கலங்கினார். கடைசியில் கோ-ஆப்டெக்ஸில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்றை அவரே தேடி எடுத்துக் கொடுத்து அனுப்பினார், ரோஜாவும் கரையும் ஒரே சிவப்பு. ரீயூனியனுக்கு வந்த பழைய மாணவிகளும் வெள்ளையில் வருவார்கள். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பாட்டி என் மகளை நிறுத்தி, முந்தானையைத் தொட்டுப் பார்த்து, எங்கே நெய்தது என்று கேட்டார்.

அன்று இரவு வளாகம் முழுக்க வண்ணக் காகித விளக்குகள் மட்டும். மின்விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். திருக்கார்த்திகை அன்று தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. நேர வித்தியாசத்தில் தூக்கம் சொக்கும், மதியமே தூங்கி வைத்துக்கொண்டு இதற்கு எழுந்து போங்கள்.

ஞாயிறு காலை சீக்கிரம் போய் நடுப்பாதை ஓரமாக இடம் பிடியுங்கள், மாணவிகள் வருகிற வழி அது. மழை வந்தால் விழாவை உள்ளரங்குக்கு மாற்றுவார்கள், அங்கே இடம் குறைவு, குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று மகளை முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் வந்தால் சக்கர நாற்காலிக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு நேரலை இணைப்பை அனுப்பிவிடுங்கள், அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7:30. ஊர்வலத்தில் பேராசிரியர்களின் அங்கிகளைக் கவனியுங்கள். கை நுனி கூராகத் தொங்கினால் இளநிலைப் பட்டம், அகன்ற கையில் மூன்று வெல்வெட் பட்டை இருந்தால் முனைவர். 1895இல் அமெரிக்கக் கல்லூரிகள் சேர்ந்து வகுத்த முறை அது.

இனி சொல்லப்போவதுதான் பெற்றோர் பலர் தவறவிடுவது. ஸ்மித்தில் மேடையில் கொடுக்கிற பட்டம் அவளுடையது இல்லை. யாருடையதோ. வேண்டுமென்றே மாற்றித்தான் கொடுக்கிறார்கள். விழா முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நின்று, கையில் இருப்பதைத் திறந்து பெயரைப் பார்த்து, தன்னுடையது இல்லை என்றால் பக்கத்தில் இருப்பவளிடம் தர வேண்டும். தன் பட்டம் கைக்கு வந்தவள் கத்திக்கொண்டே வட்டத்தைவிட்டு வெளியே ஓடிவருவாள். நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். கூட்டம் கலைகிறதே என்று நீங்கள் சாப்பிடப் போய்விடாதீர்கள், வட்டத்துக்கு வெளியே ஒரு மரத்தடியை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். என் மகளுக்கு இருபது நிமிஷம் ஆனது. அவள் கை வழியாக எத்தனையோ பேருடைய நான்கு வருஷம் கடந்து போய்க்கொண்டே இருந்தது, சில பெயர்களைப் பார்த்ததும் அவளே சத்தமாகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அப்புறம் ஒன்றைத் திறந்தாள், மூடினாள், திரும்பவும் திறந்தாள். எங்கள் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பேராசிரியர்களைச் சந்திக்காமல் வராதீர்கள். ஆங்கிலம் வராது என்று பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டாம், மகள் மொழிபெயர்ப்பாள். அவர்களுக்கு விலை உயர்ந்த பரிசு எதுவும் வேண்டாம், ஒரு டப்பா முறுக்கும் இரண்டு வரி நன்றிக் கடிதமும் போதும். அவள் தங்கியிருந்த ஹவுஸின் (அங்கே மாணவிகள் விடுதியை அப்படித்தான் சொல்கிறார்கள்) சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் கொடுங்கள். நான்கு வருஷம் நம் பிள்ளைக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். இன்னொன்று, அடுத்தது என்ன, வேலை கிடைத்ததா, வரன் பார்க்கலாமா என்ற பேச்சை அந்த மூன்று நாளும் எடுக்காதீர்கள். வெளிநாட்டு மாணவர்கள் ஓபிடி (படிப்பு முடிந்தபின் அங்கே தற்காலிகமாக வேலை செய்ய) அனுமதி, வேலை என்று ஏற்கெனவே இரவெல்லாம் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விழா முடிந்த அன்றோ மறுநாளோ அறையைக் காலி செய்ய வேண்டும். காலிப் பெட்டி இதற்குத்தான். நான்கு வருஷத்துப் போர்வை, குக்கர், புத்தகம் எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். எதை எடுப்பது, எதைக் கொடுத்துவிடுவது என்று அவளே முடிவு செய்யட்டும், நீங்கள் மடித்து மட்டும் கொடுங்கள். முதல் வருஷம் நான் கட்டிக் கொடுத்த சாம்பார்ப் பொடிப் பை, பாதி கரைந்த எழுத்தில் என் கையால் தேதி எழுதியது, அலமாரிக்குள் வெறும் பையாகக் கிடந்தது. அதைக் குப்பையில் போடப் போனேன், பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.