வயிறு இறுகிக்கொண்டே இருக்கிறதா? முதல் தடவை முயல்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோப்பி நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல். ஆனால் காலையில் கண் விழித்ததிலிருந்து வயிறு மட்டும் முறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. டாக்டர் "ஒண்ணும் இல்லை, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்வதில்லை, வெளியே அடுத்த டோக்கன் காத்திருப்பதால் நாமும் கேட்பதில்லை. விட்டுப்போன அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். யோகா தெரிந்திருக்க வேண்டாம், மொபைல் செயலி வேண்டாம். ஒரு பாய், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும்.

"ஒண்ணும் இல்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, எல்லாம் நம் கற்பனைதான் போல என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றுக்குள் நிஜமாகவே வேலை நடக்கிறது. உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை உள்ள சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் வயிற்றையும் இணைக்கிற வேகஸ் நரம்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. பயம் வந்ததும் மூளையில் சுரக்கிற ரசாயனங்கள் இரைப்பை காலியாவதை மந்தமாக்கி, அதே நேரத்தில் பெருங்குடலை முடுக்கிவிடுகின்றன. பரீட்சை அன்று காலை இட்லி நெஞ்சுக்குழியிலேயே நிற்க, பாத்ரூமுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஓட வேண்டியிருப்பது இதனால்தான். அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற உடலியலாளர் பூனைக்கு பிஸ்மத் (எக்ஸ்ரேயில் தெரிகிற ஓர் உலோக உப்பு) கலந்த உணவைக் கொடுத்து, அதன் இரைப்பை அசைவதை எக்ஸ்ரே வழியாகப் பார்த்து 1898-ல் எழுதினார்: பூனை மிரண்டதும் அசைவு நின்றுவிட்டது, தடவிக்கொடுத்துச் சமாதானப்படுத்தியதும் மறுபடி தொடங்கியது. கற்பனை செய்துகொண்டு டாக்டரிடம் போகிற பழக்கம் பூனைக்குக் கிடையாது.

சரி, தொடங்கலாம்.

படி 1: வியாதி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி, காய்ச்சல், ஐம்பதை நெருங்கும்போது புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். மேல்வயிற்றில் அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி என்றால் உடனே 108. "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று விடியும் வரை காத்திருந்து போன உயிர்கள் நம் ஊரில் கொஞ்சமல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் வயிற்று உபாதையாக வரலாம்.

இன்னொன்று. "கவலைப்பட்டுக் கவலைப்பட்டு அல்சர் வந்துடுச்சு" என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, இல்லையென்றால் வலிமாத்திரை. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2005-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அல்சர் இருந்தால் மருந்து சாப்பிடுங்கள், அதை மூச்சுப் பயிற்சியால் ஆற்ற முடியாது.

படி 2: இறுக்கம் எங்கே என்று பாருங்கள்

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, பாதம் தரையில் படட்டும். பேன்ட் பட்டன், பெல்ட், பாவாடை நாடா, சுடிதார் நாடா எதுவாக இருந்தாலும் தளர்த்துங்கள். நாடா கட்டிய இடத்தில் தோலில் சிவந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே திரிகிறவர்கள் நிறையப் பேர், தொப்பை தெரியக்கூடாது என்று கல்லூரிக் காலத்தில் தொடங்கிய பழக்கம் நாற்பது வயதிலும் விடாது.

இப்போது மூன்று விரலைச் சேர்த்து நெஞ்செலும்புக்குக் கீழே, தொப்புளைச் சுற்றி, அடிவயிறு என்று ஒவ்வொரு இடமாக மெதுவாக அழுத்துங்கள். தளர்ந்த வயிறு பிசைந்த மாவு மாதிரி விரலுக்கு இடம் கொடுக்கும். இறுகியது கொடுக்காது, விரல் நுனியில் தோலுக்கு அடியில் ஒரு தடிப்பு தட்டும். வலிக்கிற இடம் இருந்தால் அங்கே விரலை வைத்தபடியே தலையையும் தோளையும் லேசாகத் தூக்குங்கள். வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ இருக்கிறது, குறைந்தால் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926-ல் எழுதிவைத்த சோதனை இது, டாக்டர்கள் இன்றும் செய்கிறார்கள். நீங்கள் செய்வது தெரிந்துகொள்ள மட்டும், தீர்ப்புச் சொல்ல அல்ல.

படி 3: முதலில் இன்னும் இறுக்குங்கள்

தளர்த்தச் சொன்னால் யாருக்கும் தளர்த்தத் தெரியாது. அதனால் தலைகீழாகப் போவோம். யாரோ வயிற்றில் குத்த வருகிறார் என்று நினைத்து, வயிற்றை ஏழெட்டு விநாடி கல்லாக்கிப் பிடியுங்கள், மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். அப்புறம் ஒரே போக்கில் விட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா கிடங்கள். நாலைந்து தடவை. சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சியிலிருந்து வந்த முறை. விட்டபிறகு வரும் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதுதான் இதில் பாடமே. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், குடலிறக்கம் (ஹெர்னியா) உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

படி 4: மூச்சு

ஒரு கை மார்பில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மேலே உள்ள கை அவ்வளவாக அசையக்கூடாது, கீழே உள்ள கை தானாக எழும்ப வேண்டும். இந்தத் "தானாக" என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: வயிற்றைத் தசையால் வெளியே தள்ளிக் காட்டுவார்கள், பார்க்க மூச்சு மாதிரி இருக்கும், உள்ளே பிடிப்பு அப்படியே இருக்கும். கீழ்க் கையின் மேல் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது சரேலென்று எகிறினால் தள்ளுகிறீர்கள், சோம்பலாக ஏறி இறங்கினால் சரியாக வருகிறது. தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள், அளவைக் குறையுங்கள். நிதானம்தான் வேண்டும், ஆழம் தேவையில்லை. பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சாப்பிட்ட உடனே வேண்டாம்.

வயிறு உப்புசமாக இருக்கிறது, கேஸ் நிறைந்திருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இது கூடுதலாக உதவலாம். பார்சிலோனாவில் இப்படிப்பட்டவர்களை உப்பியிருக்கும்போது சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வாயு பெரிதாகக் கூடியிருக்கவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் கீழே இறங்கி அமுக்க, வயிற்றின் முன்சுவர் தளர்ந்து வெளியே தள்ளியிருந்தது. அதாவது தசைகள் முறை மாறி வேலை செய்கின்றன. இதற்கு எத்தனை ஓமத் தண்ணீர் குடித்து என்ன பயன்? (ஓமத் தண்ணீருக்கு நான் எதிரியல்ல. வாசனைக்காகவே குடிப்பேன்.)

படி 5: நோட்டு

ஒரு வாரமாவது மேலே உள்ளதைச் செய்த பிறகு இதற்கு வாருங்கள். வயிறு எப்போதெல்லாம் பிடிக்கிறதோ அப்போது ஒரு வரி: மணி என்ன, எங்கே இருந்தேன், கடைசியாக என்ன சாப்பிட்டேன், அதற்கு முன் ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கப்போகிறது. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், வயிறு பெரும்பாலும் நடக்கப்போவதற்குத்தான் முன்கூட்டியே தயாராகிறது.

நம் ஆட்கள் எல்லாவற்றையும் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுவார்கள். பருப்பு ஒத்துக்கவில்லை, கிழங்கு வாயு, ராத்திரி தயிர் சாப்பிட்டிருக்கக்கூடாது. சில பேருக்கு உண்மையிலேயே பால் ஒத்துக்கொள்ளாது, நோட்டில் அதுவும் தெரிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்ட அதே சாம்பார் ஒன்றும் செய்யாமல், திங்கட்கிழமை டப்பாவில் கொண்டுபோனால் மட்டும் வயிற்றைப் பிடிக்கிறது என்றால், சாம்பாரை விட்டுவிட்டுத் திங்கட்கிழமையைப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர், தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல்வயிறு கல்லாகிவிடும். நாலு மணி டீயும் பஜ்ஜியும்தான் காரணம் என்று பஜ்ஜியை நிறுத்தினார், டீயையும் நிறுத்தினார், மெடிக்கலில் கேட்டு அசிடிட்டி மாத்திரை போட்டார். நோட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, மாமியார் ஊருக்குப் போயிருந்த நாட்களில் ஆறரை மணி பாட்டுக்கு வந்து போயிருக்கிறது, வயிறு சும்மா இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் "இன்னிக்கும் லேட்டா?" என்று ஒரு கேள்வி வரும். ஆறு வருடமாக அதற்கு அவர் பதில் சொன்னதில்லை.

படி 6: அது என்ன உணர்ச்சி?

"டென்ஷன்" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். பயமா, கோபமா, அவமானமா, ஏக்கமா, துக்கமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கலந்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வித்தியாசம் வயிற்றுக்கே தெரியும். 1940-களில் நியூயார்க்கில் ஸ்டூவர்ட் வுல்ஃப், ஹெரால்ட் வுல்ஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் டாம் என்று அழைக்கப்பட்ட ஒருவரைப் பல மாதம் கவனித்தார்கள். சின்ன வயதில் கொதிக்கக் கொதிக்க சூப் குடித்து உணவுக்குழாய் அடைத்துப்போனதால் வயிற்றில் ஓட்டை போட்டு அதன் வழியே சாப்பிட்டு வந்தவர், அதனால் இரைப்பையின் உள்சுவர் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும். பயந்தால் அது வெளிறியது, அமிலம் குறைந்தது. ஆத்திரத்தைப் பொருமிக்கொண்டே அடக்கியபோது சிவந்து வீங்கியது, அமிலம் கூடியது.

கணக்குப் பார்க்கும் அந்தப் பெண் முதலில் "பயம்" என்றுதான் எழுதினார். மாமியார் மேல் பயம். சில நாள் கழித்து அதை அடித்துவிட்டு "கோபம்" என்று எழுதினார், அதற்குக் கீழே புருஷன் பெயரை எழுதினார். கேள்வி வரும்போது ஹாலிலேயே உட்கார்ந்து வாய் திறக்காமல் டிவி பார்க்கிறவர் அவர்தானே.

படி 7: பதினைந்து நிமிட எழுத்து

உணர்ச்சி எது, யார்மேல் என்று ஓரளவு பிடிபட்டதும் தொடர்ந்து நாலு நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், அதைப் பற்றி நிறுத்தாமல் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியான ஆய்வில் மாணவர்களை எழுதவைத்த கணக்கு இது. எழுத்துப் பிழை, ஒற்று, கையெழுத்து எதையும் பார்க்க வேண்டாம். கெட்ட வார்த்தை வந்தால் வரட்டும். யாரும் படிக்கப்போவதில்லை, முடிந்ததும் கிழித்துப் போடலாம், கூட்டுக் குடும்பமாக இருந்தால் கிழித்தே போடுங்கள். மொபைலில் எழுதாதீர்கள், நடுவில் குடும்ப வாட்ஸப் குரூப்பில் குட் நைட் படம் வந்து விழும்.

எழுதி முடித்த உடனே மனசு பாரமாகத்தான் இருக்கும், அழுகை வரலாம், வயிறு அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம். எழுந்து முகம் கழுவிவிட்டு படி 4-ஐச் செய்யுங்கள். ஆனால் எழுத எழுத பழைய அடி, பலாத்காரம், ஒரு சாவு என்று பெரிய விஷயம் கிளம்பி வந்து நிலைகுலைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதைத் தனியாக உட்கார்ந்து கிளறக் கூடாது, பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் வேண்டும்.

படி 8: ஒரே ஒரு வாக்கியம்

மனதில் இருப்பதையெல்லாம் ஆள் முகத்துக்கு நேரே கொட்டினால்தான் வயிறு சரியாகும் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் வீடுகளில் கொட்டினால் அள்ள முடியாது. சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சொல்லக்கூடிய ஆளிடம், வயிறு பிடிக்காத ஒரு நேரத்தில் சொல்லுங்கள். "அண்ணா, இந்த மாசம் என்னால பணம் தர முடியாது." "சார், சனிக்கிழமை வர்றது கஷ்டம்." அந்தப் பெண் மாமியாரிடம் எதுவுமே பேசவில்லை. கணவரிடம், "அம்மா கேக்கறப்போ நீங்க ஒரு வார்த்தை பதில் சொல்லுங்க, நான் சொல்லல" என்றார். அவர் சொன்னாரா என்றால், சில நாள் சொல்கிறார், சில நாள் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். வயிறும் அதற்குத் தகுந்த மாதிரி சில நாள் பிடிக்கிறது, சில நாள் விடுகிறது.

இவ்வளவும் ஆறேழு வாரம் செய்தும் அசையவில்லை என்றால்

மறுபடி டாக்டரிடம் போங்கள், இந்த முறை நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எரிச்சல்மிகு குடல் நோய் என்கிற ஐ.பி.எஸ். இருக்கலாம். அதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (நினைக்கும் விதத்தையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை), குடலை மையமாக வைத்துச் செய்யும் ஹிப்னோதெரபி என்று பலன் நிரூபிக்கப்பட்ட வழிகள் இருக்கின்றன. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

டாக்டர் சீட்டில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், "எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்துட்டார்" என்று பதறி அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். இந்தச் சின்ன அளவு குடல் நரம்புகளின் அளவுக்கு மீறிய கூச்சத்தைக் குறைப்பதற்கு, 2023-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்விலும் ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இது கேட்டது. ராத்திரிதான் போட வேண்டும், காலையில் கொஞ்சம் தூக்கக் கலக்கமும் வாய் உலர்வதும் இருக்கும், பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்றாலோ, இதயத் தொந்தரவு அல்லது கண் அழுத்த நோய் இருந்தாலோ சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.